பசுமை நகரில் பாதியாகக் குறைந்த மறுபயனீடு: காரணம் சோம்பல் மட்டும்தானா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். நான்கறை வீவக வீடு ஒன்றில் சமையல் முடிந்திருக்கிறது. அடுக்களை மேடையில் காலியான தேங்காய்ப்பால் பெட்டி, தயிர் டப்பா, இரண்டு பானப் புட்டிகள், மீன் வாங்கி வந்த பிளாஸ்டிக் பை. வாசலோரம் இணையத்தில் வாங்கிய பொருள் வந்த அட்டைப் பெட்டி. குப்பைக் குழாய் சில அடி தூரத்தில் இருக்கிறது. நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியோ பதினோரு மாடிக்குக் கீழே, வாகன நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில்.

எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் குழாயில் போட்டால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. கழுவி, பிரித்து, கீழே கொண்டுபோனால் பத்து நிமிடம் ஆகும். சிங்கப்பூரின் லட்சக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் எடுக்கப்படும் முடிவு இது. அந்த முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் புள்ளிவிவரங்கள் தெளிவாகவே காட்டுகின்றன.

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2018ஆம் ஆண்டில் வீடுகளில் சேரும் கழிவுகளில் 22 விழுக்காடு மறுபயனீடு செய்யப்பட்டது. 2020ல் அது 13 விழுக்காடாக இறங்கியது. 2022, 2023 ஆண்டுகளில் 12 விழுக்காடு. 2024ல் 11 விழுக்காடு. ஆறே ஆண்டுகளில் விகிதம் சரிபாதியாகிவிட்டது. 2030க்குள் இதை 30 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்பது 2019ல் வெளியிடப்பட்ட கழிவில்லாத் தேசத்துக்கான பெருந்திட்டத்தின் இலக்கு.

சாலையோர மரங்களும் பூங்கா இணைப்புப் பாதைகளும் கொண்ட ஊர் இது. மழைநீரைச் சேமிப்பதிலும் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்குவதிலும் உலகுக்கு முன்மாதிரி எனப் பெயரெடுத்த நாடு. அப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக் குப்பை விவகாரம் மட்டும் ஏன் பின்னோக்கிப் போகிறது?

செமாக்காவ் தீவின் கெடு

இந்தக் கேள்வி வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை அன்று. இதற்குப் பின்னால் ஓர் இடப் பிரச்சினை இருக்கிறது.

சிங்கப்பூரில் எரிக்கக்கூடிய குப்பைகள் எரியாலைகளில் எரிக்கப்படுகின்றன. அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. ஆனால் எஞ்சும் சாம்பல் எங்காவது போயாக வேண்டும். துவாஸ் பகுதியிலிருந்து படகுகள் மூலம் அது செமாக்காவ் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. எரிக்க முடியாத கழிவுகளும் அங்கேதான் செல்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டன்.

லோரோங் ஹாலுஸ் குப்பை மேடு 1999 மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டபின் நாட்டின் ஒரே குப்பை நிரப்பு நிலம் செமாக்காவ்தான். செமாக்காவ், சாக்கெங் எனும் இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை ஏழு கிலோமீட்டர் நீளக் கற்கரையால் அடைத்து உருவாக்கப்பட்டது அது. முதலில் 2045ஆம் ஆண்டு வரை தாங்கும் எனக் கணக்கிடப்பட்டது. குப்பை சேரும் வேகத்தைப் பார்த்தபின் அந்தக் கெடு 2035க்கு முன்தள்ளப்பட்டது.

இன்னொரு செமாக்காவை உருவாக்க இடம் கிடைப்பது எளிதன்று. சுற்றியுள்ள கடற்பரப்பு கப்பல் போக்குவரத்துக்கும் துறைமுகத்துக்கும் தொழில்துறைக்கும் தேவைப்படுகிறது. எரிசாம்பலைக் கட்டுமானப் பொருளாக்கும் 'நியூசாண்ட்' முயற்சி நடந்து வருகிறது. அது கைகொடுத்தால் கெடு நீளலாம். ஆனால் சாம்பலைக் குறைப்பதைவிட உறுதியான வழி, எரியாலைக்குப் போகும் குப்பையைக் குறைப்பதே. அதனால்தான், குப்பை நிரப்பு நிலத்துக்கு அனுப்பப்படும் கழிவை ஆளுக்கு நாளொன்றுக்கு 30 விழுக்காடு குறைக்க 2030ஐ அரசாங்கம் இலக்காக வைத்திருக்கிறது.

இன்று தொடக்கநிலை முதல் வகுப்பில் சேரும் பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் காலகட்டத்தில் அந்தத் தீவு நிரம்பிவிடும் என்று நினைத்துப் பார்த்தால், 2035 எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது புரியும்.

பழி யார் மீது?

மறுபயனீட்டு விகிதம் குறைந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மக்களின் அக்கறையின்மை. அதில் ஓரளவு உண்மை உண்டு. நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்குத் தகுதியற்றது. பாதி குடித்த தேநீர்க் குவளை, குழம்பு ஒட்டிய உணவுப் பெட்டி, பழைய தலையணை, உடைந்த பீங்கான், பயன்படுத்திய மெல்லிழைத்தாள் எனப் பலவும் அதற்குள் விழுகின்றன.

சிங்கப்பூரில் காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒரே தொட்டியில் போடலாம். மக்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று வகுக்கப்பட்ட முறை அது. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. யாரோ ஒருவர் வீசிய குவளையிலிருந்து கசியும் தேநீர், மற்றவர்கள் பொறுப்போடு மடித்து வைத்த அட்டைகளையும் நாளிதழ்களையும் நனைத்துவிடுகிறது. நனைந்து அழுக்கேறிய காகிதத்தை வாங்க ஆளில்லை. அது கடைசியில் எரியாலைக்கே போகிறது. ஒரு குடும்பத்தின் பத்து நிமிட உழைப்பை இன்னொருவரின் அரை நிமிட அலட்சியம் வீணாக்கிவிடுகிறது.

ஆனால், பழி முழுவதையும் குடியிருப்பாளர் மீது போடுவது நியாயமாகாது. மறுபயனீட்டு விகிதம் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எடையில் முக்கிய இடம் வகிப்பது காகிதமும் அட்டையும். இங்கு சேரும் பழைய காகிதத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு ஆலைகளுக்குத்தான் செல்கிறது. 2018 முதல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல் கட்டணம் எகிறியது. காகிதத்தை ஏற்றி அனுப்புவது கட்டுப்படியாகாத நிலை வந்ததும் சேகரிப்பும் சரிந்தது. வீட்டில் நாளிதழ் வாங்கும் பழக்கம் குறைந்ததும் இதில் சேர்ந்துகொண்டது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 'காராங் குனி' வியாபாரியின் ஊதுகுழல் சத்தம் கேட்டதும் கட்டிவைத்த நாளிதழ்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய காலத்தைப் பல குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. அன்று யாரும் அதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. பழைய தாளுக்குச் சில்லறை கிடைத்தது, கொடுத்தார்கள். அந்தச் சில்லறை சுருங்கியதும் பழக்கமும் சுருங்கியது.

கட்டட வடிவமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. பழைய புளோக்குகளில் குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. பிற்காலத்தில் கட்டப்பட்டவற்றில் ஒவ்வொரு மாடியிலும் பொதுக் குழாய் இருக்கிறது. மறுபயனீட்டுப் பொருள்களுக்குத் தனிக் குழாய் அமைக்கும் ஏற்பாடு 2014 முதல் திட்டமிடப்பட்ட புதிய வீவக வீடுகளுக்குத்தான் வந்தது. அதற்கு முந்தைய புளோக்குகளில் வசிப்போர் இன்னமும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். முட்டிவலியோடு தனியாக வாழும் மூதாட்டிக்கும் இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகும் தாய்க்கும் அது சிறு தூரமன்று.

நல்ல பழக்கத்தைக் கடினமாகவும் மற்றதை எளிதாகவும் அமைத்துவிட்டு, மக்கள் ஏன் எளிதானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்பதில் பயனில்லை.

5 காசு கற்பித்த பாடம்

இந்தப் பின்னணியில், 2023 ஜூலை 3ஆம் தேதி நடப்புக்கு வந்த பைக் கட்டணத்தை நினைவுகூர வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்கள், ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்பது விதி. நாட்டின் பேரங்காடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதற்குள் அடங்கின.

அறிவிப்பு வந்தபோது முணுமுணுப்பு எழுந்தது. குப்பை கட்டப் பைக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் பலர். ஆனால் சில மாதங்களிலேயே முக்கியப் பேரங்காடிகளில் வாடிக்கையாளர்கள் எடுக்கும் பைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்தது. துணிப்பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வது இன்று பெரும்பாலோருக்கு இயல்பாகிவிட்டது.

5 காசு யாருடைய குடும்பச் செலவையும் புரட்டிப் போடும் தொகையன்று. ஆனாலும் அது வேலை செய்தது. பை இலவசமாகக் கிடைத்தவரை யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கட்டணம் வந்ததும் 'பை தேவையா?' என்ற கேள்வி கல்லாவில் எழுந்தது. அந்த ஒரு நொடி யோசனையே பழக்கத்தை மாற்றியது.

இதே தத்துவத்தின் அடுத்த கட்டம்தான் பானக் கலன்களுக்கான வைப்புத்தொகைத் திட்டம். 2026 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கும் அத்திட்டத்தின்கீழ், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் உலோகக் கலன்களுக்கும் விலையோடு 10 காசு சேர்த்து வாங்கப்படும். காலிக் கலனைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. கலனை நசுக்கிப் போடுவது நீலத் தொட்டிக்கு நல்ல பழக்கம். ஆனால் இயந்திரம் கலனில் உள்ள வைப்புத்தொகைச் சின்னத்தையும் பட்டைக் குறியீட்டையும் அடையாளம் காண வேண்டும் என்பதால், காலியான கலனை நசுக்காமல் கொடுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் 10 காசு போய்விடும்.

வெளிநாடுகளில் இந்த முறை நிரூபிக்கப்பட்ட ஒன்று. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானக் கலன்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை வாங்கப்படுகிறது. மிகப் பெரும்பாலான கலன்கள் திரும்பி வருகின்றன.

சிங்கப்பூரில் இது இன்னொரு தரப்பினரின் வாழ்வையும் தொடும். அட்டைகளையும் அலுமினியக் கலன்களையும் சேகரித்துத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் முதியவர்களைக் குடியிருப்புப் பேட்டைகளில் காண்கிறோம். ஒரு கலனின் பழைய உலோக விலையைவிட 10 காசு பல மடங்கு அதிகம். அவர்களுக்கு இது கூடுதல் வருமானமாகுமா, அல்லது எல்லாரும் தத்தம் கலனைத் தாமே திருப்பிக் கொடுப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது குறையுமா? அந்த முதியவர்கள் கொண்டுவரும் மூட்டையை இயந்திரம் ஒவ்வொன்றாக விழுங்கும்வரை பின்னால் நிற்பவர்கள் பொறுப்பார்களா? திட்டத்தின் வெற்றியை அளக்கும்போது இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுக்களையில் இருக்கும் பாதிக் குப்பை

ஆனால் புட்டிகளும் கலன்களும் வீட்டுக் குப்பையின் ஒரு பகுதிதான். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வு ஒன்றின்படி, சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 1.5 கிலோ குப்பையை அப்புறப்படுத்துகிறது. அதில் ஏறத்தாழ பாதி உணவுக் கழிவு. அந்த உணவுக் கழிவிலும் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியது. அதிகம் வீணாகும் உணவு வகைகளில் முன்னணியில் இருப்பவை சோறு, நூடல்ஸ், ரொட்டி.

நாடு முழுவதும் 2023ல் சேர்ந்த உணவுக் கழிவு 755,000 டன். அதில் 18 விழுக்காடுதான் மறுபயனீடு செய்யப்பட்டது. பெரிய வணிகக் கட்டடங்களும் உணவு ஆலைகளும் உணவுக் கழிவைத் தனியே பிரித்துப் பதப்படுத்த வேண்டும் என்ற விதி 2024ல் வந்தது. வீடுகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

தென்கொரியாவில் குடும்பங்கள் உணவுக் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்துகின்றன. தைப்பே நகரில் குப்பைப் பைக்கே விலை உண்டு. இங்கோ, ஒரு வீடு நாளுக்கு ஒரு பை போட்டாலும் ஐந்து பை போட்டாலும் மாதக் கட்டணம் ஒன்றுதான். குழாயில் விழும் பை யாருடையது என்று தெரியாதவரை, அளந்து கட்டணம் வாங்குவது கடினம். ஆகவே, அடுக்களைக் குப்பையைப் பொறுத்தவரை 5 காசு, 10 காசு போன்ற தூண்டுதல்கள் இப்போதைக்கு எட்டாத தொலைவில்தான் இருக்கின்றன. இங்கே குடும்பத்தின் சொந்தக் கணக்கு மட்டுமே கைகொடுக்கும்.

தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. 'குறைந்துபோனால் மானம் போய்விடும்' என்ற அச்சம் நம் விருந்துகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எண்பது பேர் வருவதாகச் சொன்னால் நூறு பேருக்கு உணவு சொல்லிவைக்கிறோம். வந்தவர் வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் இலையில் இன்னொரு கரண்டி விழுகிறது. அன்பின் அடையாளமாகப் பரிமாறப்பட்ட அந்தக் கரண்டிச் சோறு, இலையோடு சேர்ந்து கறுப்புப் பைக்குள் போகிறது.

விருந்தோம்பலைச் சுருக்க வேண்டியதில்லை. வருவதாக உறுதி சொன்னவர்களின் எண்ணிக்கையை விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை சரிபார்த்தாலே பாதி வீண் குறையும். முதலில் சிறிதளவு பரிமாறி, கேட்டபின் மீண்டும் போடலாம். விருந்தினர் எடுத்துச்செல்லச் சில பெட்டிகளைத் தயாராக வைக்கலாம். உணவு விநியோகிப்பாளர்கள் பெட்டியில் ஒட்டும் நேரக்குறிப்பைப் பார்த்து, உரிய நேரத்துக்குள் உண்ண முடியுமா என்று கவனித்துக்கொண்டால் போதும். தேவைப்படுவோருக்கு நல்ல நிலையில் உள்ள உணவை நன்கொடையாக வழங்குவோரைப் பாதுகாக்கும் சட்டத்தையும் நாடாளுமன்றம் 2024 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. நிபந்தனைகளைப் பின்பற்றிக் கொடுப்பவர்கள் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அன்றாடச் சமையலில் இதைவிட எளிய வழிகள் நம்மிடமே இருக்கின்றன. எஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது ஒரு தலைமுறை. அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றியதும், இட்லி மிஞ்சினால் உப்புமாவாக்கியதும் அதே தலைமுறைதான். சிக்கனம் என்ற பெயரில் அவர்கள் செய்ததைத்தான் இன்று நீடித்த நிலைத்தன்மை என்கிறோம். வட்டாரத்துச் சமூகத் தோட்டங்களில் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்ப்போர் பலர், காய்கறித் தோலை மக்கவைத்து உரமாக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார்

நீலத் தொட்டியைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு சந்தேகத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 'எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது' என்று சொல்லிப் பிரிப்பதையே கைவிட்டவர்கள் உண்டு. உண்மையில், மறுபயனீட்டுப் பொருள்களுக்கும் குப்பைக்கும் தனித்தனி லாரிகள் இருக்கின்றன. தொட்டியில் சேர்பவை பிரிப்பு ஆலைக்குச் செல்கின்றன. அங்கே இயந்திரங்களோடு மனிதக் கைகளும் வேலை செய்கின்றன. புளோக்குகளைத் துப்புரவாக வைத்திருப்போரிலும் குப்பை லாரிகளில் பணியாற்றுவோரிலும் பலர் இந்தியாவிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள். தொட்டிக்குள் வீசப்படும் ஊசிப்போன உணவும் உடைந்த கண்ணாடியும் யாரோ ஒருவருடைய கையில்தான் படுகின்றன.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில் குழப்பம் இருப்பது இயல்பு. சில விதிகளை நினைவில் வைத்தால் போதும். தேங்காய்ப்பால் பெட்டி, ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டி, பிஸ்கட் டின் ஆகியவற்றைக் காலிசெய்து இலேசாக அலசிப் போடலாம். பளபளப்பாகத் தேய்க்கத் தேவையில்லை. பாத்திரம் கழுவிய நீரே போதும். உணவு பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது தகாது. நுரைப் பெட்டி, மெல்லிழைத்தாள், எண்ணெய் ஊறிய அட்டை ஆகியவையும் தகாதவை. நல்ல நிலையில் உள்ள துணிமணிகளை நன்கொடையாகக் கொடுப்பதே சிறந்தது. பழைய கைப்பேசிக்கும் மின்கலத்துக்கும் கடைத்தொகுதிகளில் தனித் தொட்டிகள் உள்ளன.

கீழே போக நேரமில்லை என்போருக்கு இன்னொரு சுலப வழி உண்டு. 2023ல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலவசமாக வழங்கப்பட்ட 'புளூபாக்ஸ்' பெட்டியோ ஒரு பழைய பையோ வாசலோரம் இருக்கட்டும். அது நிரம்பியதும், வேலைக்கோ சந்தைக்கோ கிளம்பும்போது கையோடு எடுத்துச்செல்லலாம். தனியாக ஒரு நடை போகத் தேவையில்லை. மாடியில் தனியாக இருக்கும் முதியவரின் பையையும் சேர்த்து எடுத்துப்போக அண்டைவீட்டார் முன்வந்தால், அது கம்பத்துக் காலத்து நல்லுறவின் தொடர்ச்சியாகவும் இருக்கும்.

கணக்கில் வராத புட்டி

இறுதியாக ஒன்று. மறுபயனீட்டு விகிதம் உயர்ந்தால் மட்டுமே நாடு பசுமையாகிவிட்டது என்று பொருளாகாது. காலையில் வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துச்சென்ற மாணவர், கடையில் புட்டி வாங்கவில்லை. தேக்கா சந்தைக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோய் மதிய உணவு வாங்கி வந்தவர், ஒரு நுரைப் பெட்டியைத் தவிர்த்திருக்கிறார். இவை எந்த விழுக்காட்டிலும் பதிவாவதில்லை. ஆனால் செமாக்காவின் ஆயுளை நீட்டுபவை இவைதான். மறுபயனீடு என்பது குறைத்தும் மீண்டும் பயன்படுத்தியும் மிஞ்சியதற்கு மட்டுமே.

அரசாங்கத்தின் பங்கும் தீர்ந்துவிடவில்லை. பழைய புளோக்குகளில் மறுபயனீட்டு வசதியை வீட்டு வாசலுக்கு அருகில் கொண்டுவருவதும், உணவுக் கழிவைத் தனியே சேகரிக்கும் வழியைக் குடியிருப்புப் பேட்டைகளுக்கு விரிவுபடுத்துவதும் அடுத்து வரவேண்டிய படிகள். பைக் கட்டணம் காட்டியதுபோல், சரியான நேரத்தில் சரியான தூண்டுதல் கிடைத்தால் மக்கள் மாறத் தயங்குவதில்லை.

அதுவரை, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுக்களை மேடையில் இருக்கும் பெட்டிகளும் புட்டிகளும் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்தந்த வீடுதான் முடிவு செய்கிறது.